டைக்கோவைக் காட்டும் வேலை

நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுவது அம்மாக்களின் வேலை. நிலாவைக் காட்டிச் சோறு சாப்பிடுவது என் வேலை. ஓர் அறக்கட்டளையின் வேனில் தொலைநோக்கியை ஏற்றிக்கொண்டு, தருமபுரி மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களுக்கும் ஊர்களுக்கும் சாயங்காலம் போய்ச் சேருவேன். வேனை ஓட்டுபவர் மாது அண்ணன். அவர் ஸ்டாண்டை நிறுத்துவார், நான் நிலாவைப் பிடித்துக் கொடுப்பேன், சனம் வரிசையில் வந்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும். பார்த்த பிறகு கேள்வி கேட்கும். ரேஷன் கடையில் தராசுக்குப் பின்னாலோ, பஸ்ஸில் டிக்கெட் பையோடோ, வங்கியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கமோ நின்று, வருகிறவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லிப் பிழைப்பவர்களுக்கு நான் எழுதுவது விளங்கும்.

கல்லூரியில் நான் படித்தது பாறைகளைப் பற்றி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளிக் கூடை ஏற்றுகிறார். மாதச் சம்பளம் என்ற ஒன்றை வீட்டுக்குள் முதலில் கொண்டுவந்ததும் நான்தான். ஆனால் இந்த வேலை ஓராண்டு ஒப்பந்தம். அது முடியும்போது புதுப்பிப்பார்களா, மாட்டார்களா என்ற கவலை சேர்ந்த நாளிலிருந்து என்னோடு தூங்கி என்னோடு எழுந்தது.

நிலாவில் எத்தனையோ பள்ளங்கள் இருக்க, நான் எப்போதும் காட்டுவது டைக்கோ என்ற ஒரு பள்ளத்தை. அது நிலாவின் தெற்கில் இருக்கிறது. வானத்திலிருந்து வந்த பெரிய கல் ஒன்று மோதிய இடம். பாறை படித்தவளுக்கு அதைவிட நல்ல பாடம் வானத்தில் இல்லை.

நல்ல நாள்

டைக்கோவைப் பார்க்க வளர்பிறை நவமி அல்லது தசமிதான் சரி. அப்போது வெயில் அந்தப் பள்ளத்தின்மேல் சாய்வாக விழும். சுவரின் நிழல் உள்ளே இறங்கிக் கிடக்க, நடுவில் இருக்கும் மலையின் உச்சி மட்டும் தனியே வெளிச்சத்தில் நிற்கும். பௌர்ணமியில் நிழலே இருக்காது. டைக்கோவிலிருந்து நாலா பக்கமும் ஓடும் வெள்ளைக் கோடுகள் தெரியுமே தவிர, பள்ளம் பள்ளமாகத் தெரியாது.

பென்னாகரம் பக்கத்துத் தலைமையாசிரியர் ஒருவர் எங்கள் நிகழ்ச்சிக்கு நாள் குறித்துவிட்டுப் போன் செய்தார். காலண்டரைப் பார்த்தேன். அமாவாசை. “அன்னிக்கு நிலா இருக்காதுங்க சார்” என்றேன். நவமியன்று வைக்கலாமா என்று கேட்டேன். அஷ்டமி நவமியில் யாராவது ஒரு காரியத்தைத் தொடங்குவார்களா என்று அவர் கேட்டார். கடைசியில் அமாவாசையன்றே போனோம். தொலைநோக்கிக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்து, குத்துவிளக்கு ஏற்றி, இருட்டு வானத்தின் கீழே தொடக்க விழா நடந்தது. நான் கைகட்டி நின்றேன். நவமியன்று மறுபடி போனோம். டைக்கோ தெளிவாகத் தெரிந்தது. தலைமையாசிரியர் கண்ணை எடுத்துவிட்டு, என் பயத்தைப் போக்குகிறவர்போல நிதானமாகச் சொன்னார்:

“ஆரம்பம் அமாவாசைல ஆயிடுச்சும்மா. இப்ப பாக்கறது தொடர்ச்சிதான். தொடர்ச்சிக்கு நவமி தோஷம் கெடையாது.”

பதினைந்தாயிரம் அடி

அளவு சொல்லாமல் பள்ளத்தைப் புரியவைக்க முடியாது. டைக்கோவின் அகலம் ஏறக்குறைய எண்பத்தைந்து கிலோமீட்டர். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் ஒரு விளிம்பை வைத்து நேர்கோடு போட்டால் மறு விளிம்பு ஓசூரைத் தாண்டி விழும். மோதிய கல் இந்த அகலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இருந்திருக்காது. ஆனால் வந்த வேகத்தில் கல்லும் தரையும் சேர்ந்து வெடித்தன. வெடி என்பதால்தான் பள்ளம் வட்டமாக இருக்கிறது. அழுத்தப்பட்ட தரை திருப்பி எழும்பி நடுவில் மலையாக நின்றுவிட்டது. சுவர்கள் சரிந்து படிப்படியாக உட்கார்ந்தன. உருகிய பாறை அடியில் தேங்கி இறுகியது.

ஏரியூரில் இதைச் சொல்லி முடித்தபோது, துண்டைத் தோளில் போட்டிருந்த ஒரு விவசாயி ஆழம் எவ்வளவு என்று கேட்டார். நாலே முக்கால் கிலோமீட்டர் என்றேன். அடிக்கணக்கில் சொல்லச் சொன்னார். தண்ணீருக்குப் போர் போடுகிற ஊர்களில் ஆழம் என்றால் அடிதான். கணக்குப் போட்டு, பதினைந்தாயிரம் அடிக்கு மேல் என்றேன். “தண்ணி வந்துச்சுங்களா?” என்றார். வரவில்லை, வெறும் கல்தான் என்றேன். அவர் நிலத்தில் மூன்று இடத்தில் போர் போட்டு மூன்றிலும் தண்ணீர் வராமல் கல்தூள் புகையாகத்தான் வந்தது என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். விவசாயி மறுபடி ஒரு முறை குனிந்து, மற்றவர்களைவிட நெடுநேரம் பார்த்தார். வரிசையில் யாரும் அவசரப்படுத்தவில்லை. நிமிர்ந்து துண்டை உதறிக்கொண்டார்.

“பதினஞ்சாயிரம் அடி போயும் பொகைதானா. அப்ப நம்ம நெலத்து மேல கோவிச்சுக்கறதுல நாயமில்லீங்க.”

வண்டியில் வைக்க வேண்டிய வார்த்தை

எனக்கு ஒரு குறை உண்டு. நிச்சயமாகத் தெரியாததை நிச்சயம்போலச் சொல்ல வராது. டைக்கோவுக்குப் பத்துக் கோடி வயதுக்கு மேல் என்பார்கள். அந்த வயது, பள்ளத்துக்குள் போய் எடுத்த கல்லை வைத்துச் சொன்னது அல்ல. அதன் வெள்ளைக் கோடு ஒன்று எட்டிய தொலைதூர இடத்தில், நிலாவில் இறங்கிய மனிதர்கள் எடுத்துவந்த மண்ணை வைத்துக் கணித்தது. அந்த மண்ணைத் தொட்டது இதே மோதல்தான் என்றால் அந்த வயது சரி. இந்த ‘என்றால்’ எனக்கு முக்கியம்.

தருமபுரியில் ஒரு பள்ளியில், நடு மலையின் உச்சியில் ஒரு பெரும்பாறை உட்கார்ந்திருக்கிறதாமே, அது எப்படி அங்கே போனது என்று ஓர் ஆசிரியை கேட்டார். விண்கலம் எடுத்த படத்தில் அந்தப் பாறை இருக்கிறது. ஒரு பள்ளிக்கூடத்தையே அதன்மேல் கட்டலாம். பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள், எனக்குத் தெரியாது என்றேன். அன்று எங்கள் ஒருங்கிணைப்பாளரும் வந்திருந்தார். திரும்பும் வழியில் முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்துப் பேசினார். குரலில் கோபம் இல்லை.

“நீ நல்லாத்தாம்மா பேசற. ஆனா மைக்கப் புடிச்சிட்டுத் தெரியாது தெரியாதுன்னா, பணம் குடுக்கறவங்க எதுக்குக் குடுப்பாங்க? வருசக் கடைசி வருது. அந்த வார்த்தைய வண்டியிலயே வெச்சிட்டு எறங்கு.”

விசில்

கூட்டத்தை வரிசையாக்க நான் கழுத்தில் ஒரு விசில் தொங்கவிட்டிருப்பேன். தொண்டை கட்டாமல் இருக்க அது ஒன்றே வழி. மொரப்பூர் பக்கம் ஓர் ஊர், பெயரை எழுதவில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் மேசை போட்டு, அகலமான தாம்பாளத்தில் அரிசி மாவைப் பரப்பி, மேலே மெல்லிசாக ராகி மாவைத் தூவி வைத்தேன். மேலேயிருந்து ஒரு கோலிக்குண்டைப் போட்டால் குழி விழும். அடியில் இருக்கும் வெள்ளை மாவு ராகியின்மேல் கோடு கோடாகத் தெறிக்கும். டைக்கோவின் வெள்ளைக் கோடுகளுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. பிள்ளைகளும் தாய்மார்களும் நெருக்கியடித்தார்கள். வரிசைக்கு வரட்டும் என்று விசிலை ஊதினேன்.

மைதானம் காலியானது. பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியிலும் தண்ணீர்த் தொட்டி மேடைக்கு அடியிலும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கைக்குழந்தைக்காரிகள் பள்ளிக்கூடத்துக் கான்கிரீட் கூரையின் கீழே நின்றார்கள். யாரும் கத்தவில்லை, யாரும் யாரையும் கூப்பிடவும் இல்லை. வெட்டவெளியில் நின்றது நானும் மாது அண்ணனும் தாம்பாளமும்தான். என் காலில் ஏதோ பட்டது. மூன்று வயதுக் குழந்தை ஒன்று மேசைக்கு அடியில் வந்து மேசைக் காலைக் கட்டிக்கொண்டிருந்தது. அதன் அம்மா மெதுவாக வந்தாள். சாந்தி என்று பெயர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். குழந்தையை வெளியே இழுக்கவில்லை. ஊருக்குப் பின்னால் இருந்த கல் குவாரியைப் பார்த்துவிட்டு, என் விசிலைப் பார்த்தாள்.

“வெடி வெக்கறதுக்கு மின்ன ஊதுவாங்க மேடம். மூணாவது விசிலுக்குக் கல்லு வரும். நீங்க இருட்டற நேரத்துல ஒண்ணோட நிறுத்திட்டீங்களா, அதான் எல்லாரும் மித்த ரெண்டுக்குக் காத்துட்டு இருக்காங்க.”

கூரைமேல் வந்த கல்

நிலாவைக் காட்டி முடித்ததும் சாந்தி என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். பள்ளியிலிருந்து நாலாவது வீடு. சிமெண்ட் சீட் கூரையில் ஒரு ஓட்டை. அதற்குக் கீழே இரும்புக் கட்டில், அதன் சட்டத்தில் ஒரு நசுங்கல். கட்டில்மேல் படுக்கை இல்லை. ராகி மூட்டைகள் அடுக்கியிருந்தன. குழந்தையின் பாய் கட்டிலுக்கு அடியில் விரித்திருந்தது. மேலே மூட்டை இருந்தால் கல் தங்கிவிடும் என்றாள், பாத்திரம் எங்கே வைப்பது என்று சொல்கிற குரலில்.

விழுந்த கல்லை மூலையிலிருந்து எடுத்து வந்தாள். இரண்டு கையால் வாங்க வேண்டிய கனம். நல்ல கறுப்பு, கண்ணுக்குத் தெரியாத பொடி மணிகளால் ஆனது. ஒரு பக்கம் முறிவு பளிச்சென்று இருந்தது. மழையும் வெயிலும் பட்டுப் பழகிய கல்லுக்கு அந்தப் பளிச்சு இருக்காது. டைக்கோவின் கோடுகள் இன்னும் வெள்ளையாக இருப்பதற்கும் இதுவே காரணம்: அங்கே சிதறியது நிலாவின் கணக்கில் இளசு, இன்னும் மங்கவில்லை. கல்லின் மறு பக்கத்தில் மூங்கிலைப் பிளந்ததுபோல நேரான அரைவட்டக் குழிவு. வெடிமருந்து வைக்க டிரில் இறங்கிய துளையின் பாதி. அந்த ஊர் இருப்பது வெளிறிய, வரிவரியான பாறைமேல். இந்தக் கறுப்புக் கல் கிடைப்பது பின்னால் இருக்கும் குவாரியில்தான்.

ஊர்க்காரர்கள் மனு கொடுத்து, வருகிற வியாழக்கிழமை அதிகாரிகள் பார்க்க வருகிறார்களாம். குவாரிக்காரர்கள், ஊர்க்காரர்களே கல்லைக் கொண்டுவந்து போட்டுக் கூரையை உடைத்துக்கொண்டதாகச் சொல்கிறார்களாம். நான் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைச் சாந்தி கவனித்துக்கொண்டிருந்தாள்.

“நிலாவுல எந்தக் கல்லு எங்கிருந்து பறந்துச்சுன்னு சொல்றீங்க. இது எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்லத்தான் ஒரு படிச்ச ஆள் அம்புடல மேடம்.”

லீவு

மறைத்துச் செய்யக்கூடாது என்று, வியாழக்கிழமை போய் அந்தக் கல்லைப் பற்றிச் சொல்ல நினைப்பதை ஒருங்கிணைப்பாளரிடம் முதலிலேயே சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. என்னை உட்காரச் சொல்லி, கதவைச் சாத்திவிட்டு, எங்கள் தொலைநோக்கி யார் கொடுத்த நன்கொடையில் வந்தது என்று சொன்னார். அதே குவாரியின் முதலாளி. “வியாழக்கிழமை லீவு போட்டுட்டு வூட்ல இரும்மா. உன் ரினிவல் பேப்பர் மேல போற வாரம் இது” என்றார்.

வீட்டில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கல்லைப் பற்றியும் கட்டிலைப் பற்றியும் வேலையைப் பற்றியும் சொன்னேன். ஊர்ச் சண்டையில் நமக்கென்ன வந்தது என்று அம்மா கேட்டாள். அந்தக் கல் அங்கிருந்துதான் வந்தது என்று உறுதியாகத் தெரியுமா என்று அப்பா கேட்டார். கல் அந்தக் குவாரிப் பாறை, வெடி வைத்து உடைத்தது, அது உறுதி. யார் வெடித்தார்கள், என்றைக்கு என்பது தெரியாது என்றேன். நான் அவரிடம் எதிர்பார்த்தது ஒரு முடிவை. போ என்றோ வேண்டாம் என்றோ சொல்லிவிட்டால் அதன்மேல் சாய்ந்துகொள்ளலாம். அப்பா தட்டிலேயே கையை வைத்துக்கொண்டு இருந்தார். அவர் முகத்திலும் என் பயமே இருந்தது.

“போவாதன்னு சொல்ல வாய் வரல. போன்னு சொல்லத் தைரியம் வரல. இந்த வூட்ல படிச்சது நீ ஒருத்தி. எங்களக் கேக்காத கண்ணு.”

வியாழக்கிழமை

போனேன். மாது அண்ணன் வேனை எடுக்க முடியாது என்பதால் பஸ்ஸில் போனேன். சாந்தியின் வீட்டு வாசலில் அதிகாரி ஒருவர், அவர் ஊழியர்கள், குவாரி மேனேஜர், ஊர்ச் சனம். கல்லை என்னிடம் கொடுத்தார்கள். மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன். நீ எந்த ஆபீஸ் என்று அதிகாரி கேட்டார். நிலா காட்டுகிறவள் என்றேன். மேனேஜர் சிரித்தார். “நிலாவுல ஆயிரத்து ஐநூறு கிலோமீட்டர் கல்லு பறந்துச்சுன்னு ஊர் ஊராச் சொல்ற பொண்ணுங்க சார் இது. விட்டா இங்கிருந்து சேலத்துக்கே பறக்குங்கும்” என்றார். சிலர் சிரித்தார்கள், ஊர்க்காரர்களிலும் சிலர்.

அங்கே காற்று இல்லை, இழுப்பும் குறைவு, அதனால் கல் அவ்வளவு தூரம் போகும். இங்கே போகாது என்றேன். இங்கே எவ்வளவு தூரம் போகும் என்று சொல்ல எனக்குத் தெரியாது. யார் வெடித்தார்கள் என்று தெரியாது. என்றைக்கு என்றும் தெரியாது. இந்தக் கல் ஊர் இருக்கும் பாறை அல்ல, குவாரியின் பாறை. துளை போட்டு உடைத்தது. முறிவு புதியது என்றேன். ஊர்க்காரர்கள் கொண்டுவந்து போட்டிருக்கலாமே என்று மேனேஜர் கேட்டார். போட்டிருக்கலாம், அதைக் கல்லைப் பார்த்துச் சொல்ல முடியாது என்றேன். சாந்தி தலையைக் குனிந்துகொண்டாள். அந்த ஒரு கணம் நான் எல்லாரையும் கைவிட்டுவிட்டதாகத் தோன்றியது. பிறகு, கூரை ஓட்டையையும் கட்டிலையும் பாருங்கள் என்றேன். கட்டில் சட்டத்தில் இருக்கும் நசுங்கல் ஓட்டைக்கு நேர் கீழே இல்லை. இரண்டையும் கயிறால் இணைத்து மேலே நீட்டினால் கயிறு குவாரியைப் பார்க்கும். கையால் போட்ட கல் அப்படிச் சாய்ந்து வராது. ஊழியர் ஒருவர் கயிறு பிடித்தார். எல்லாரும் கயிறு காட்டிய பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜரும் பார்த்தார். அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“தெரியாதுங்கறதே பாதிக்கு மேல இருக்கேம்மா உன் பேச்சுல. சரி. தெரிஞ்சது எதுவோ அத மட்டும் இன்னொரு வாட்டி மெதுவாச் சொல்லு. எழுதிக்கட்டும்.”

சந்தையில்

மறு உத்தரவு வரும்வரை அந்தக் குவாரியில் வெடி வைக்கக்கூடாது என்று நிறுத்திவைத்தார்கள். எவ்வளவு நாளைக்கு என்று எனக்குத் தெரியாது. என் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் எதுவும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டுக்கு வேறு மாதிரித் திட்டமிடுகிறார்கள் என்று ஒருங்கிணைப்பாளர் போனில் சொன்னார். தொலைநோக்கியைத் துடைத்து, மூடி போட்டு ஒப்படைத்தேன். அப்பா விடியற்காலையில் வழக்கம்போல மார்க்கெட்டுக்குப் போனார்.

சில வாரம் கழித்து மொரப்பூர் சந்தையில் சாந்தியைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை இருந்தது. கூரைக்குப் புதுச் சீட் போட்டுவிட்டதாகச் சொன்னாள். மூட்டைகளை இறக்கிவிட்டுக் கட்டில்மேல் படுக்கை விரித்தாயிற்று என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிள்ளை இப்போது நிம்மதியாகக் கட்டிலில் தூங்குகிறதா என்று கேட்டேன். நிலாவில் காற்றும் மழையும் இல்லை, அதனால் விழுந்த அடி ஆறாமல் அப்படியே இருக்கிறது என்று நான் எத்தனையோ ஊரில் சொல்லியிருக்கிறேன். சாந்தி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“எங்க மேடம். தூக்கி மேல போட்டா, நாங்க அசந்த நேரத்துல எறங்கி அடியில போயிப் படுத்துக்குது. வெடி நின்னுட்ட சேதிய அதுக்கு எப்புடிச் சொல்றதுன்னு தெரியல.”

நிலாவில் விழுந்த கல்லைப் பற்றி மாதக்கணக்கில் பேசியதற்கு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள், பூமியில் விழுந்த கல்லைப் பற்றி ஒரு காலைப்பொழுது பேசியதற்கு முழு ஓய்வு கொடுத்திருக்கிறார்கள்.